மோடம் மோடமாகவே இருக்கட்டும்: திருவனந்தபுரத்துச் சிற்றலுவலகங்களும் டி.எஸ்.எல். இணைப்பும்

சிறு நிறுவனமொன்று தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பெறும்போது அதன் அலுவலகத்தில் தன்மையால் வேறுபட்ட இரண்டு வேலைகள் நடக்கின்றன. செப்புக் கம்பியில் வந்துசேரும் உயர் அதிர்வெண் அலைகளைத் தரவாக மாற்றுவது முதல் வேலை. அதைச் செய்வது மோடம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டிச் சேவை நிறுவனத்தின் அனுமதியைப் பெற்று, அங்கிருந்து கிடைக்கும் ஒரே ஐ.பி. முகவரியை அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் பயன்படும்படி பங்கிடுவது இரண்டாவது வேலை. அது ரவுட்டருக்கு உரியது. பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம், அதாவது பி.எஸ்.என்.எல்., 2005 ஜனவரியில் 'டேட்டாஒன்' என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது வாடிக்கையாளர்களுக்குத் தந்த பெட்டிகள் பலவும் இரண்டையும் தாமே செய்யவல்லவை என்பதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் கடைக்காரர்களிடம் மட்டுமின்றி, இணைப்பை அமைத்துத் தரும் பணியாளர்கள் சிலரிடமும் வேரூன்றிவிட்டது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு வணிக ரவுட்டரை வாங்கி வைக்கும் நாளில்தான் இந்த எண்ணத்தின் விலை தெரியவருகிறது.

திருவனந்தபுரத்தில் இந்தச் சேவையை நம்பியிருந்தவர்கள் யார் என்பதையும் கருத வேண்டும். 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கின் மென்பொருள் நிறுவனங்களுக்குக் கழக்கூட்டத்தில் வேறு வகை இணைப்புகள் இருந்தன. தொலைபேசிக் கம்பியைச் சார்ந்திருந்தவை, திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலை பஜாரின் மொத்த வியாபாரக் கடைகள், தலைமைச் செயலகத்தைச் சுற்றியுள்ள தணிக்கையாளர், வழக்கறிஞர் அலுவலகங்கள், சாஸ்தமங்கலம், வெள்ளயம்பலம் பகுதிகளில் பழைய வீடுகளை மாற்றியமைத்து நடத்தப்படும் மருத்துவ நிலையங்கள் போன்றவை. 2004 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. அந்த வேகமே இவர்களில் பலருக்கு முதல் 'எப்போதும் இயங்கும்' இணையமாக இருந்தது.

டி.எஸ்.எல். தொழில்நுட்பத்தின் அடிப்படை எளியது. மனிதக் குரலுக்குத் தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான பகுதி போதும். அதற்கு மேலே கம்பியின் திறன் வீணாகக் கிடக்கிறது. ஏ.டி.எஸ்.எல். எனப்படும் சமச்சீரற்ற முறை 26 கிலோஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி மேல்நோக்கிய பகுதியை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் தூய்மைக்கேற்ற அளவு தரவை ஏற்றுகிறது. முதல் தலைமுறையில் இத்தகைய பட்டைகள் 256. 2003-இல் ஏற்கப்பட்ட ஏ.டி.எஸ்.எல். 2+ தரத்தில் 512. பதிவேற்றத்திற்குக் கீழ்ப்பகுதியில் சில பட்டைகளே ஒதுக்கப்பட்டிருப்பதால், கடைக்காரர் எவ்வளவு பணம் கட்டினாலும் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்துக்கு ஈடாக வராது.

குரலையும் தரவையும் பிரிப்பது ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி. லைன், போன், மோடம் என்று அதில் மூன்று துளைகள் உண்டு. வெளியிலிருந்து வரும் கம்பி சுவரிலுள்ள ரோசெட்டிலிருந்து நேராக 'லைன்' துளைக்கு வர வேண்டும். தொலைபேசி தொடர்பான எதுவாயினும் 'போன்' துளைக்குப் பின்னரே இணைக்கப்பட வேண்டும். வீட்டை அலுவலகமாக மாற்றிய இடங்களில் இந்த விதி மீறப்படுவது சர்வசாதாரணம். மாடியறைக்கு என்றோ இழுத்த இணைத் தொலைபேசி, பேக்ஸ் கருவி, தொலைபேசி வழியே வங்கியை அழைக்கும் பழைய கார்டு தேய்க்கும் இயந்திரம், உள்ளிணைப்புகளைக் கையாளும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே கிளை பிரிந்து நின்றால், தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்துபோகும். இதற்கு ரவுட்டரின் எந்தப் பக்கத்திலும் தீர்வு கிடையாது.

எனவே அமைப்பு வேலையை ரவுட்டரில் தொடங்காமல், மோடத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் தொடங்குவதே முறை. அங்கே காணப்படும் எண்களில் இரண்டு முக்கியமானவை. தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வரும் வழியில் அலை எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைக் காட்டும் 'அட்டென்யுவேஷன்' ஒன்று. இரைச்சலுக்கு மேலே எவ்வளவு இடைவெளி மிஞ்சியுள்ளது என்பதைக் காட்டும் 'எஸ்.என்.ஆர். மார்ஜின்' மற்றொன்று. முன்னது தூரத்தைப் பொறுத்தது, அதிகம் மாறாது. பின்னது நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறக்கூடியது. மார்ஜின் 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 6-க்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்து மீண்டும் கோக்கும். ஜூன் மாதத்து மழையில் தெருவோரப் பில்லர் பெட்டிக்குள்ளோ கம்பத்திலுள்ள டி.பி. பெட்டிக்குள்ளோ நீர் புகும்போது குறைவது இந்த எண்ணே. அந்நிலையில் தேவைப்படுபவர் கணினி நிபுணர் அல்லர், லைன்மேன்.

கம்பி சரியாக உள்ளது என்று உறுதியானபின் வருவது வி.பி.ஐ., வி.சி.ஐ. என்ற இணை எண்கள். ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் தரவு, ஏ.டி.எம். என்ற பழைய தொலைதொடர்பு முறையின்படி 53 பைட் நீளமுள்ள சிறு துண்டுகளாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் 5 பைட் முகவரிக்கும் 48 பைட் சரக்குக்கும் உரியவை. அந்த முகவரியில் இடம்பெறும் இரண்டு எண்களே மேற்கூறியவை. பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் இவை 0, 35, ஏர்டெல்லின் டி.எஸ்.எல். இணைப்புகளில் 1, 32. இவற்றோடு, தரவை எவ்வகை உறையிட்டு அனுப்புவது என்ற தேர்வும் உண்டு, எல்.எல்.சி., வி.சி.-மக்ஸ் என்ற இரண்டில் இங்கே பெரும்பாலும் வேண்டியது எல்.எல்.சி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த விலையுயர்ந்த கருவி திருவனந்தபுரத்தில் இயங்க மறுப்பதற்கு இந்த மூன்று விவரங்கள் வேறு நாட்டுக்கு ஏற்ப அமைந்திருப்பது ஒரு பொதுவான காரணமாகும். கருவியின் டி.எஸ்.எல். விளக்கு பச்சையாக நிலைத்து எரியும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது.

அடுத்த படி, இக்கட்டுரையின் மையமான பி.பி.பி.ஓ.இ. தொலைபேசி வழியே எண்ணைச் சுழற்றி இணையத்தில் நுழைந்த காலத்தில் பயனரை அடையாளம் காணப் பயன்பட்ட பி.பி.பி. முறையை, அலுவலகங்களின் ஈதர்நெட் வலையின் மீது ஏற்றிய ஏற்பாடு இது. 1999 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2516 என்ற ஆவணமாக வெளியானது. சேவை நிறுவனத்தின் பழைய கணக்கு வைப்பு முறைகளையும் பயனர் பட்டியலையும் அப்படியே வைத்துக்கொள்ள உதவியதால் நிறுவனங்கள் இதை விரும்பி ஏற்றன. பயனருக்கு இதனால் விளைந்த நன்மை எதுவும் இல்லை. இம்முறையில் அலுவலகத்துக் கருவி முதலில் 'யாராவது இருக்கிறீர்களா' என்ற பொருளில் ஓர் அழைப்பை எல்லோருக்கும் விடுக்கும்; இணைப்பகத்துக்கு அப்பாலுள்ள அணுகல் சேவையகம் விடையளிக்கும்; பிறகு பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும்; அதன்பின் ஐ.பி. முகவரி வழங்கப்படும். இவ்வாறு உருவாகும் தொடர்பை அமர்வு என்பர். அந்த அமர்வு எந்தப் பெட்டியில் முடிவடைகிறது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகின்றன.

வழக்கமாக நடப்பது இது. மோடத்தில் ஏற்கெனவே பெயரும் கடவுச்சொல்லும் பதியப்பட்டிருக்க, புதிய ரவுட்டரில் வெளி இணைப்புக்கான வேன் துளையை அதனோடு கோத்துவிடுகிறார்கள். இணையம் வருகிறது, வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒரே முகவரியைப் பங்கிடும் 'முகவரி மாற்றம்' இப்போது இரண்டு முறை நடக்கிறது: ஒருமுறை ரவுட்டரில், மறுமுறை மோடத்தில். இணையத்தில் உலவுவதற்கு இதனால் கேடில்லை. கடையின் கண்காணிப்புக் கேமராவை வீட்டிலிருந்து பார்க்கவோ, கிளை அலுவலகத்திலிருந்து டாலி கணக்கைத் திறக்கவோ விரும்பும்போது, வெளியிலிருந்து வரும் அழைப்பு மோடத்திலேயே நின்றுவிடுகிறது. இதைவிட விநோதமான தடை ஒன்றும் உண்டு. ஹுவாவெய் எம்.டி. 882, யூ.டி.ஸ்டார்காம் யூ.டி. 300 போன்ற பி.எஸ்.என்.எல். மோடங்களின் உள்முகவரி 192.168.1.1, சிஸ்கோவின் ஆர்.வி. 042 உள்ளிட்ட சிறு வணிக ரவுட்டர்களுக்கும் அதே முகவரிதான் ஆலையிலிருந்து வருகிறது. தனக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வலை இருப்பதாகக் காணும் ரவுட்டர், எதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் திகைக்கும். அதை அமைக்க முயல்பவரும் அப்படியே.

சரியான ஏற்பாடு, மோடத்தைப் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றுவது. மோடத்தின் வேன் பக்கத்தில் இணைப்பு வகையைப் பி.பி.பி.ஓ.இ. என்பதிலிருந்து பிரிட்ஜ் என்பதற்கு மாற்றி, 0, 35, எல்.எல்.சி. ஆகியவற்றை அப்படியே விட்டு, மோடத்தின் டி.எச்.சி.பி. வசதியை, அதாவது கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் பணியை, நிறுத்திச் சேமித்துவிட்டால் அதன் மூளை வேலை முடிந்தது. பிறகு ரவுட்டரின் வேன் வகையில் பி.பி.பி.ஓ.இ.-யைத் தேர்ந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கே எழுத வேண்டும். ரவுட்டரின் உள்வலைக்கு 192.168.10.1 போன்ற வேறு முகவரியைக் கொடுத்துவிடுவது பின்னாளில் தலைவலியைக் குறைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: பிரிட்ஜ் நிலையில் மோடத்தின் 'இன்டர்நெட்' விளக்கு எரியாது. அமர்வு மோடத்தில் இல்லாததால் அது எரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அணைந்த விளக்கைக் கண்டு பழுது என்று கருதி, நன்றாக ஓடும் மோடத்தைப் பழைய நிலைக்கே மாற்றிவிட்டுப் போகும் உதவியாளர்களுக்கு எந்த ஊரிலும் குறைவில்லை.

இணைப்பு வராதபோது எங்கே அறுந்தது என்பதை ரவுட்டரின் பதிவேடே சொல்லும். கணினியிலிருந்து நேராக இணைத்துப் பார்த்தவர்களுக்கு விண்டோஸின் பிழை எண்கள் நினைவிருக்கும். 678 என்பது அழைப்புக்கு மறுமுனையில் விடையே இல்லை என்பதாகும், கம்பி, வி.பி.ஐ., வி.சி.ஐ., உறை வகை ஆகியவற்றையே சந்தேகிக்க வேண்டும். 691 என்பது விடை கிடைத்து, பெயரோ கடவுச்சொல்லோ மறுக்கப்பட்டது என்பதாகும். இந்த இரண்டாவது பிழை, எல்லாம் சரியாக இருக்கும்போதும் தோன்றுவதுண்டு. மின்சாரம் திடீரென நின்றால் ரவுட்டர் விடைபெறாமலேயே மறைந்துவிடுகிறது. பழைய அமர்வு இன்னும் உயிரோடிருப்பதாகச் சேவையகம் எண்ணிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில், ஒரு பயனருக்கு ஒரே அமர்வு என்ற விதியின்படி புதிய அமர்வு மறுக்கப்படுகிறது. பொறுத்திருந்தால் தீர்வதை, பதற்றத்தில் கடவுச்சொல்லை மாற்றிச் சிக்கலாக்கிக்கொள்பவர்கள் பலர்.

இணைப்பு வந்தபின்னும் மறைந்திருக்கும் பிழை எம்.டி.யூ. தொடர்பானது. ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் உச்ச நீளம் எம்.டி.யூ. எனப்படும், ஈதர்நெட்டில் அது 1500 பைட். உறைக்குள் இன்னோர் உறையை வைத்தால் உள்ளேயிருக்கும் கடிதம் சிறிதாக இருந்தாக வேண்டும் என்பதுபோல, பி.பி.பி.ஓ.இ. தன் பங்குக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1492. ஐ.பி., டி.சி.பி. ஆகியவற்றின் தலைப்புகளுக்கு 40 பைட் கழித்தால் வருவது 1452, இதை எம்.எஸ்.எஸ். என்பர். பெரிய பொட்டலத்தை அனுப்பாதே என்று தொலைவிலுள்ள சேவையகத்துக்குத் திருப்பியனுப்பப்படும் அறிவிப்பை வழியிலுள்ள பாதுகாப்புச் சுவர் ஏதேனும் தடுத்துவிட்டால், சிறு பக்கங்கள் திறந்து பெரிய பக்கங்கள் பாதியில் உறைந்து நிற்கும். தேடுபொறி திறக்கிறது, மின்னஞ்சலும் வருகிறது, ஆனால் வங்கியின் தளமோ ஜி.எஸ்.டி. தளமோ உள்நுழைந்தபின் வெள்ளைத் திரையாக நிற்கிறது என்ற புகார் வந்தால், பழி பெரும்பாலும் அந்தத் தளத்தின் மீதே சுமத்தப்படுகிறது. விண்டோஸ் கட்டளைத் திரையில் பிங் கட்டளையைப் பிரிக்கக் கூடாது என்ற குறியுடன் 1464 பைட் அளவில் அனுப்பிப் பார்த்தால் உண்மை தெரியும். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் அது 1492. அந்த அளவு சென்று 1465 சென்றடையாவிட்டால் எல்லை சரியாகவே உள்ளது. ரவுட்டரின் எம்.டி.யூ.-வை 1492 என்றும், எம்.எஸ்.எஸ். கட்டுப்படுத்தும் வசதி இருப்பின் அதை 1452 என்றும் வைத்தால் இந்தப் புகார் மறைந்துவிடும்.

மோடம் காட்டும் வேகம் கைக்கு வருவதில்லை என்ற குறைக்கும் விடை இந்தக் கணக்கிலேயே உள்ளது. 1492 பைட் பொட்டலத்தோடு பி.பி.பி.ஓ.இ.-யின் 8, ஈதர்நெட் தலைப்பின் 14, எல்.எல்.சி. உறையின் 10, ஏ.டி.எம். முடிவுக்குறிப்பின் 8 ஆகியவை சேர்ந்து 1532 பைட் ஆகிறது. இதை ஏற்ற 48 பைட் சரக்குள்ள 32 துண்டுகள் வேண்டும். 32 துண்டுகளின் மொத்த நீளம் 1696 பைட். ஆக, கம்பியில் ஓடுவதில் 12 விழுக்காடு வெறும் உறையே. இணைப்பகத்துக்கும் மோடத்துக்கும் இடையே 2048 கிலோபிட் பேசி முடிக்கப்பட்டிருந்தாலும் 1800-ஐ ஒட்டிய அளவே பயனுக்கு வரும். இதை யாரும் திருடவில்லை. பதிவேற்றத்தின் குறுகிய வழியோ வேறொரு தொல்லையைத் தருகிறது: கேமராவின் பதிவுப் பெட்டி இரவுபகலாகப் படங்களை வெளியே அனுப்பினால், அதே வழியில் செல்ல வேண்டிய சிறு கோரிக்கைகள் வரிசையில் காத்துக் கிடந்து, பதிவிறக்கமும் நின்றுபோனதுபோல் தோன்றும். ரவுட்டரில் பதிவேற்ற வரம்பை மோடம் காட்டும் அளவுக்குச் சற்றுக் கீழே வைத்தால் வரிசை மோடத்தில் தேங்காது. எதற்கு முன்னுரிமை என்பதை ரவுட்டர் தீர்மானிக்க முடியும். அமர்வு ரவுட்டரில் இருப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

பழைய கட்டணத் திட்டங்களின் காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. பகலில் சில ஜி.பி. மட்டும் இலவசமாகத் தந்து, இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரையான பயன்பாட்டைக் கணக்கில் சேர்க்காத பி.எஸ்.என்.எல். திட்டங்கள் அன்று பெயர் பெற்றவை. எட்டு மணியைக் கடந்தும் பதிவிறக்கம் ஓடிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் பில் அதைச் சொல்லும். ஒரு நல்ல ரவுட்டரில் நேர அட்டவணையிட்டு அமர்வைத் துண்டித்து மீண்டும் தொடங்கும் வசதி இருந்தது. ரவுட்டரின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறதா என்பதைச் சரிபார்க்காதவர்களுக்கு அந்த வசதியால் ஐந்தரை மணி நேரப் பிழையே மிஞ்சியது.

மோடத்தையும் ரவுட்டரையும் தனித்தனியே வைப்பதற்குத் திருவனந்தபுரத்துக்குச் சிறப்பாக உரிய காரணம் ஒன்று உண்டு; மின்னல். கோடைக்கால இடிமழையும் அக்டோபர், நவம்பர் மாதத்துத் துலாவர்ஷ மழையும் கேரளத்தில் மின்னலின் பருவங்கள். இந்நகரையே தலைமையிடமாகக் கொண்ட மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கான வாய்ப்பு மிகுதி என்று தொடர்ந்து எச்சரித்து, மின்கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறது. மின்செருகியைக் கழற்றுபவர்கள் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுகிறார்கள். கம்பத்திலிருந்து வரும் செப்புக் கம்பியும் மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் வழியே. சிஸ்கோ 877 போன்ற கருவிகளில் டி.எஸ்.எல். துளை ரவுட்டரின் உடலிலேயே அமைந்துள்ளது. பார்வைக்கு நேர்த்தியான இந்த ஒருமைப்பாடு இடிமழை ஊரில் ஆடம்பரமே, ஏனெனில் அடி விழும்போது ஐந்நூறோ ஆயிரமோ பெறுமான மோடம் போவதற்குப் பதிலாக, அமைப்புகள் அனைத்தையும் தாங்கிய விலையுயர்ந்த ரவுட்டரே போய்விடும். மலிவான மோடம் முன்னே நின்றால் பல சமயம் சேதம் அதோடு நின்றுவிடும். எப்போதும் நிற்கும் என்று உறுதி கூற முடியாது, ஆகவே கம்பியைக் கழற்றுவதே முதல் பாதுகாப்பு.

இரண்டாவது இணைப்பைப் பற்றிச் சிறிது. இந்நகரில் ஏஷியாநெட்டின் கேபிள் இணையம் பல ஆண்டுகளாகவே கிடைத்துவருவதால், ஒன்று போனால் மற்றொன்று என்று இரு வேன் துளைகளுள்ள ரவுட்டரைச் சிறு நிறுவனங்களும் வைக்க முடிகிறது. இரண்டிலும் சுமையைப் பகிர்வதைவிட, ஒன்றை முதன்மையாகவும் மற்றதைக் காத்திருப்பாகவும் வைப்பதே மேல். ஒரே பயனர் இரண்டு முகவரிகளிலிருந்து வருவதைக் காணும் வங்கித் தளங்கள் அவரை வெளியேற்றிவிடக்கூடும்.

பி.எஸ்.என்.எல். தன் செப்புக் கம்பி வாடிக்கையாளர்களை ஒளியிழைக்கு மாற்றிவருகிறது. கேரள அரசின் கே-ஃபோன் ஒளியிழை வலையமைப்பும் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் இதுவரை கூறியவற்றில் பாதி காலாவதியாகவில்லை. பி.எஸ்.என்.எல்.-இன் ஒளியிழை இணைப்பிலும் உள்நுழைவு பி.பி.பி.ஓ.இ. வழியேதான். வி.பி.ஐ., வி.சி.ஐ. இருந்த இடத்தில் வி.லேன் எண் வந்துள்ளது; மோடம் இருந்த இடத்தில் ஓ.என்.டி. என்ற ஒளியிழைப் பெட்டி வந்துள்ளது; 1492 அப்படியே உள்ளது. அமர்வை ரவுட்டரிலேயே வைத்திருந்த அலுவலகம், முன்னாலிருக்கும் பெட்டியை மாற்றி, அதைப் பிரிட்ஜ் நிலையில் வைக்கச் செய்து, புதிய பயனர் பெயரை எழுதிவிட்டால் போதும். கணினிகளின் முகவரிகளும் கேமரா வழிகளும் தடைப் பட்டியல்களும் தொடப்படாமல் நீடிக்கும். மோடத்திலேயே எல்லாவற்றையும் அமைத்திருந்த அலுவலகம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இறுதியாகக் கடவுச்சொற்கள். 2017 ஜூலையில் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றாத பி.எஸ்.என்.எல். மோடங்களைத் தீநிரல் ஒன்று தாக்கி முடக்கியது. கர்நாடகத்தில் பாதிப்பு கடுமையாக இருந்தது. கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பெயரும் 'அட்மின்', சொல்லும் 'அட்மின்' என்றிருந்த கருவிகளுக்கு நேர்ந்தது அது. சிறு நிறுவனம் நடத்தும் வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை இரண்டிலும் நிறுத்தி, அவற்றோடு பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி அலுவலகத்துப் பூட்டிய இழுப்பறையில் வையுங்கள். இணைப்பை அமைத்துத் தந்தவரின் நினைவில் மட்டும் அவை இருக்க வேண்டாம்.